வாசலைக் காட்டு

சனிக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு அடையாறிலிருந்து கிளம்பினோம். நான்கு பேர், ஒரு கார். பின்சீட்டில் மயிலாப்பூர் நண்பனின் அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரை. விடியும்போது கண்டிக்கோட்டையில் இருக்க வேண்டும், பள்ளத்தாக்கின் விளிம்பில் உட்கார்ந்து சூரிய உதயம் பார்க்க வேண்டும், ஞாயிறு இரவுக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். இதுதான் திட்டம். திங்கள் காலை ஒன்பதரைக்கு எல்லோருக்கும் மீட்டிங். போகவர கிட்டத்தட்ட எழுநூறு கிலோமீட்டர். இதை ஒருநாள் பயணம் என்று அழைக்க ஐடி வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் மனசு வரும்.

கண்டிக்கோட்டையை உங்களில் பாதிப் பேர் ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள். ஆந்திராவில் கடப்பா மாவட்டம், ஜம்மலமடுகுக்குப் பக்கத்தில், வட பெண்ணை ஆறு எர்ரமலைக் குன்றுகளை அறுத்துக்கொண்டு போகும் இடம். சிவப்புப் பாறைகளை வீட்டுப் பெரியவர் கட்டம் கட்டமாக அடுக்கி வைத்தது போலிருக்கும். கீழே பச்சைத் தண்ணீர் வளைந்து போகும். தலைப்பில் ‘இந்தியாவின் கிராண்ட் கேன்யன்’ என்று இருக்கும், ட்ரோன் ஷாட்டுக்கு ஏதாவது ஒரு பின்னணி இசை ஓடும். மூன்று பேர் அதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினோம்.

நான்காவது ஆள்தான் வண்டி ஓட்டினான். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காரன். தி.நகரில் ஒரு மேன்ஷனில் தொடங்கி இப்போது சொந்தமாக இரண்டு படுக்கையறை வீடு வரை வந்திருக்கிறான். எங்களோடு இருக்கும்போது தமிழ், வீட்டுக்கு போன் போட்டால் தெலுங்கு. அந்தத் தெலுங்கை ஆந்திராக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள் என்று அவனே சொல்வான். வண்டி செங்குன்றம் தாண்டிய பிறகுதான் விஷயத்தைச் சொன்னான்.

“எங்க அவ்வா சாகுற வரைக்கும் சொல்லிட்டே இருந்துச்சு. நாம கண்டிக்கோட்டைல இருந்து வந்தவங்கன்னு. துலுக்கப் படை வந்துச்சு, ராத்திரியோட ராத்திரியா மாட்டை ஓட்டிக்கிட்டு ஓடி வந்தோம்னு. எங்கப்பா ஒரு தடவ பாக்கணும்னு ஆசைப்பட்டாரு. முட்டி வலி, வர முடியாது. வீடியோ கால்ல காட்டுறேன்னு சொல்லியிருக்கேன்.”

எனக்கும் ஒரு ரகசியக் காரணம் இருந்தது. போனில் ஒரு பழைய புத்தகத்தின் பிடிஎஃப் வைத்திருந்தேன். ழான் பாப்டிஸ்ட் தவெர்னியே என்ற பிரெஞ்சு ரத்தின வியாபாரியின் பயண நூல். 1676இல் பாரிஸில் வெளியானது. அந்த மனுஷன் 1652இல் எங்களுடைய இதே பயணத்தைச் செய்திருக்கிறார். புறப்பட்ட இடம் மதராஸ், சேர்ந்த இடம் கண்டிக்கோட்டை, எடுத்துக்கொண்ட காலம் ஏறக்குறைய பத்து நாள். நாங்கள் ஏழு மணி நேரத்தில் போகப்போகிறோம். ஆனால் அவர் கண்டதில் பத்தில் ஒரு பங்கைக்கூட நாங்கள் காணப்போவதில்லை என்று அப்போதே தெரிந்திருந்தது.

1652இல் மதராஸுக்கு வயது பதின்மூன்று. ஜார்ஜ் கோட்டைக்குள் கொஞ்சம் வெள்ளைக்காரர்கள், வெளியே நெசவாளர்கள், துபாஷிகள், மீனவர்கள். தெற்கே சில மைல் தள்ளி சாந்தோம் போர்ச்சுக்கீசியரின் ஊர். இன்று சாந்தோம் பஸ் ஸ்டாண்டுக்கும் பாரிமுனைக்கும் ஒரே டிக்கெட். அன்று அவை இரண்டு தேசங்கள். தவெர்னியே மதராஸில் கப்புச்சின் சாமியார்களோடு தங்கினார், சாந்தோம் போய் அங்கிருந்த தேவாலயங்களைப் பார்த்தார். பிறகு உள்நாட்டை நோக்கிக் கிளம்பினார். அவரிடம் விற்பதற்கு முத்துகளும் ரத்தினங்களும் இருந்தன. வாங்கவேண்டியவர் கோல்கொண்டா சுல்தான். ஆனால் சுல்தான் எதையும் வாங்குவதற்கு முன்னால் அதை ஒரு ஆள் பார்த்து மதிப்புச் சொல்லவேண்டும். அந்த ஆள் அப்போது கோல்கொண்டாவில் இல்லை. படையோடு கண்டிக்கோட்டையில் உட்கார்ந்திருந்தார். பெயர் மீர் ஜும்லா.

தவெர்னியே எழுதிய வழித்தடத்தில் ‘ஊதேகோத்’ என்று ஓர் ஊர் வருகிறது. ராத்திரி ஒரு மணிக்கு ஊத்துக்கோட்டையில் டீ குடித்துக்கொண்டே அதை மற்றவர்களுக்குப் படித்துக் காட்டினேன். மயிலாப்பூர்க்காரன் மட்டும் ஆர்வமாகக் கேட்டான். மற்றொருவன் பின்சீட்டில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

ஊத்துக்கோட்டைக்கு இன்னொரு பெருமை உண்டு. சென்னைக்காரர்கள் செய்தித்தாளில் மட்டும் படித்திருக்கும் ‘ஜீரோ பாயிண்ட்’ இதன் அருகில்தான் இருக்கிறது. கிருஷ்ணா நீர் தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடம். 1983இல் எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம், 1996இல்தான் முதல் தண்ணீர் வந்து சேர்ந்தது. ஸ்ரீசைலத்தில் கிளம்பும் அந்த நீர் வழியில் நெல்லூர் மாவட்டத்துச் சோமசிலா அணையில் இறங்கி, அங்கிருந்து கண்டலேறு, பிறகு பூண்டி என்று வருகிறது. சோமசிலா எந்த ஆற்றின் மேல் இருக்கிறது? வட பெண்ணை மேல். கண்டிக்கோட்டையின் பள்ளத்தை அறுத்துக்கொண்டு போகும் அதே ஆறு. அடையாறில் என் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீருக்கும் நாங்கள் பார்க்கப்போகும் காட்சிக்கும் தூரத்து உறவு இருக்கிறது என்று சொன்னேன். “உனக்கு எல்லாத்துலயும் ஒரு டேட்டா பைப்லைன் வேணும்டா” என்றான் டிரைவர்.

நகரி, புத்தூர், ரேணிகுண்டா. இந்தப் பக்கத்துக் காடுகளைப் பற்றி தவெர்னியே சொல்லும் ஒரு விஷயம் மறக்க முடியாதது. மூங்கில் காட்டுப் பாதை. சாலையின் இரண்டு பக்கமும் குரங்குகள். இந்தப் பக்கத்துக் குரங்கு அந்தப் பக்கம் போகாதாம். பயணிகள் வேடிக்கைக்காகச் சாலை நடுவே இடைவெளி விட்டுச் சோற்றுக்கூடைகளை வைப்பார்கள், ஒவ்வொரு கூடைக்கும் பக்கத்தில் சில தடிகளையும் போட்டுவிட்டு ஒளிந்துகொள்வார்கள். இரண்டு பக்கத்துக் குரங்குகளும் இறங்கி வந்து முறைத்துக்கொள்ளும், பிறகு தடியை எடுத்து அடித்துக்கொள்ளும். ஜெயித்த கூட்டம் சோறு தின்னும். நல்ல பொழுதுபோக்குதான். ஆனால் அவர் போய்க்கொண்டிருந்த நாட்டில் மனிதர்களுக்கும் அதே ஏற்பாட்டை யாரோ செய்து வைத்திருந்தார்கள். விஜயநகரப் பேரரசு உடைந்து கிடந்தது. கடைசி ராயர் மூன்றாம் ஸ்ரீரங்கன் இடம் இடமாக அலைந்துகொண்டிருந்தார். வடக்கிலிருந்து கோல்கொண்டாவும் மேற்கிலிருந்து பீஜப்பூரும் கர்நாடகத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. கரையோரத்தில் டச்சு, போர்ச்சுக்கீசியர், ஆங்கிலேயர்.

ஒண்டிமிட்டா கோதண்டராமர் கோயில் கோபுரத்தை இருட்டில் நிழலாகப் பார்த்தோம். தவெர்னியே வியந்து எழுதிய கோயில் இதுதான் என்கிறார்கள். கடப்பாவைத் தாண்டி, ஜம்மலமடுகு நெருங்கும்போது வெளுத்தது. சாலையோரம் கல் பலகைகளைச் சாய்த்து அடுக்கிய யார்டுகள். மயிலாப்பூர்க்காரன் திடீரென்று, “இது எங்க வீட்டு அடுப்பு மேடைடா” என்றான். உண்மைதான். சென்னையில் கிரானைட் வருவதற்கு முன்பு கட்டிய எந்த வீட்டிலும் சமையல்கட்டு மேடை, அலமாரித் தட்டு, கொல்லைப்புறத்துத் துவைக்கிற கல் எல்லாம் கடப்பாக் கல்தான். கருஞ்சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல். நம் பாட்டிகள் அதன்மேல் மாவு உருட்டினார்கள், நாம் அதன்மேல் ஹோம்வொர்க் எழுதினோம், ஒரு நாளும் ‘கடப்பா’ என்பது ஓர் ஊர் என்று யோசிக்கவில்லை.

சூரியன் எங்களை முந்திக்கொண்டுவிட்டது. கண்டிக்கோட்டைக்குள் நாங்கள் நுழைந்தபோது வெயில் சுவர்மேல் அடித்துக்கொண்டிருந்தது. கோட்டை வாசல் வழியாக, சில வீடுகளைத் தாண்டி, மசூதியைத் தாண்டி, கோயிலைத் தாண்டி, விறுவிறுவென்று நடந்து விளிம்புக்குப் போனோம். எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள். பெங்களூர் நம்பர் பிளேட், ஹைதராபாத் நம்பர் பிளேட், எங்கள் சென்னை நம்பர் பிளேட், எல்லாம் ஒரே திசை.

காட்சியைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கண்டி என்றால் தெலுங்கில் மலையை ஆறு பிளந்த இடுக்கு. சுமார் முந்நூறு அடி ஆழம். பாறைகள் சதுரம் சதுரமாக வெடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக, தள்ளினால் விழுந்துவிடும் என்பதுபோல நிற்கின்றன. நூறு கோடி வருஷத்துக்கும் மேல் வயதான மணற்பாறை, அழுத்தத்தில் இறுகியது. தடுப்புக் கம்பி கிடையாது. ஒரு பாறையிலிருந்து அடுத்ததற்குத் தாண்டும்போது இடுக்கில் எட்டிப்பார்த்தால் வயிற்றுக்குள் ஏதோ நழுவும். எதிர்ச்சுவரில் வெயில் இறங்க இறங்க நிறம் செங்கலிலிருந்து ஆரஞ்சுக்கு மாறியது. நாங்களும் போட்டோ எடுத்தோம். கால்களைத் தொங்கப்போட்டு எடுத்தோம். அம்மா பார்த்தால் திட்டுவாள் என்று தெரிந்தே ஸ்டேட்டஸில் போட்டோம்.

புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் ஒரு கேள்வி வந்தது. இந்த விளிம்பில் வந்து உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்று மனிதர்களுக்கு எப்போது தோன்றியது?

அசல் கிராண்ட் கேன்யனிலேயே இது பழைய வழக்கம் கிடையாது. அங்கே காலங்காலமாகப் பூர்வகுடிகள் வாழ்ந்தார்கள். முதலில் பார்த்த ஐரோப்பியர்கள் 1540இல் வந்த ஸ்பானியச் சிப்பாய்கள். கார்தெனாஸ் என்பவரின் தலைமையில் வந்தவர்கள் மூன்று நாள் கீழே இறங்க வழி தேடினார்கள், முடியவில்லை, திரும்பிவிட்டார்கள். அவர்களுக்கு அது தாண்ட முடியாத ஒரு தொல்லை. 1857–58இல் அமெரிக்க ராணுவத்துக்காக அளக்கப் போன ஐவ்ஸ் என்ற அதிகாரி, இந்த இடத்தால் பைசா பிரயோஜனம் இல்லை, எங்களுக்குப் பிறகு எந்த வெள்ளைக்காரனும் இங்கே வரமாட்டான் என்ற பொருள்பட அறிக்கை கொடுத்தார். அவருடைய கணிப்பு எப்படிப் பொய்த்தது என்று உங்களுக்குத் தெரியும். 1869இல் பவல் படகில் போனார். அடுத்து வந்த டட்டன் என்ற நிலவியலாளர் 1882இல் பெரிய நூல் ஒன்று எழுதி, எங்கே நின்று எப்படிப் பார்க்கவேண்டும் என்பதையே ஜனங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1901இல் விளிம்பு வரைக்கும் ரயில் வந்தது. 1919இல் தேசியப் பூங்கா. ‘வியூ பாயிண்ட்’ என்பது ரயிலும் ஓட்டலும் புத்தகமும் சேர்ந்து செய்த பொருள்.

டட்டன் இன்னொரு வேலையும் செய்தார். கோபுரங்களைப் போல நிற்கும் பாறைச் சிகரங்களுக்குக் கீழைநாட்டுத் தெய்வங்களின் பெயர்களை வைக்க ஆரம்பித்தார். அதனால் இன்றைக்கும் கிராண்ட் கேன்யன் வரைபடத்தில் விஷ்ணு கோயில் இருக்கிறது, சிவன் கோயில் இருக்கிறது. அடியில் கிடக்கும் மிகப் பழைய பாறைக்கு ‘விஷ்ணு ஷிஸ்ட்’ என்றே நிலவியலில் பெயர். உள்ளே மூலவர் இல்லை, தீபம் இல்லை, வெறும் பாறை.

நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து திரும்பிப் பார்த்தால் நிஜமான விஷ்ணு கோயில் ஒன்றின் கோபுரம் தெரிந்தது. மாதவராயர் கோயில். விஜயநகர காலத்து வேலை. அதன் கருவறையிலும் மூலவர் இல்லை. ‘இந்தியாவின் கிராண்ட் கேன்யன்’ என்று இந்த இடத்துக்குப் பெயர் வைத்தவர்கள், பெயரில்கூட கோட்டையை விட்டுவிட்டார்கள் என்று எனக்குச் சட்டென்று உறைத்தது. அங்கே பாறைக்குக் கோயில் பெயர், இங்கே கோயிலுக்கு முதுகு. அந்த நேரத்தில் விளிம்பில் ஐம்பது பேராவது இருந்திருப்பார்கள். கோயிலுக்குள் நான் போனபோது அங்கே இரண்டு ஆடுகள் இருந்தன.

கோட்டை கட்டியவர்கள் பள்ளத்தைப் பார்க்கக் கட்டவில்லை. அவர்களுக்கு அது ஒரு பக்கத்துச் சுவர், காசு செலவில்லாமல் கிடைத்த சுவர். ஆறு அகழி. மற்ற பக்கங்களில் மட்டும் மதில் எழுப்பினால் போதும். உள்ளே தானியக் களஞ்சியம், குளங்கள், கோயில்கள், பின்னால் வந்த மசூதி, ஒரு புறாக் கோபுரம். மாதக்கணக்கில் உட்கார்ந்து சாப்பிடலாம், கீழே நிற்கும் எதிரி மழையிலும் வெயிலிலும் வதங்குவான்.

எப்போது கட்டினார்கள் என்று கேட்டால் எல்லாத் தளங்களிலும் ஒரே பதில் வரும்: 1123, கல்யாணிச் சாளுக்கியன் ஆகவமல்ல சோமேஸ்வரனின் கீழிருந்த காகராஜன். காப்பி-பேஸ்ட்டில் வளர்ந்த தலைமுறை என்பதால் இந்த மாதிரி வரியைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். ஆகவமல்லன் என்று பெயர் பெற்ற முதலாம் சோமேஸ்வரன் நோய் தாங்காமல் துங்கபத்திரையில் இறங்கி உயிரைவிட்டது 1068இல். செத்து ஐம்பத்தைந்து வருஷம் கழித்து அவன் பெயரில் கோட்டை கட்ட முடியாது. ஒன்று வருஷம் தப்பு, இல்லை ராஜா தப்பு. யூனிட் டெஸ்ட் எழுதியிருந்தால் அன்றைக்கே ஃபெயில் ஆகியிருக்கும். இன்றைக்குக் கண்ணில் தெரியும் பெரும் மதிலும் கட்டடங்களும் விஜயநகர காலத்தையும் அதற்குப் பின்னால் வந்ததையும் சேர்ந்தவை. அக்காலத்தில் இதை ஆண்டவர்கள் பெம்மசானி நாயக்கர்கள். கிருஷ்ணதேவராயரின் படையில் பெம்மசானி ராமலிங்க நாயுடு பேர்போன தளபதி.

மீர் ஜும்லா வந்தது இவர்கள் மேல்தான். பாரசீகத்தில் இஸ்ஃபஹான் பக்கத்து அர்திஸ்தானில் பிறந்த எண்ணெய் வியாபாரியின் மகன். வேலை தேடிக் கோல்கொண்டா வந்து, வைரத்தில் சம்பாதித்து, சுல்தானின் முதன்மை அமைச்சராகி, சொந்தமாகப் படை வைத்துக்கொண்டு கர்நாடகத்தைப் பிடித்தவர். இதே ஆள்தான் பிறகு சுல்தானைக் கைவிட்டு மொகலாயரிடம் சேர்ந்து, ஷாஜஹானுக்குப் பெரிய வைரம் ஒன்றைப் பரிசளித்து, ஔரங்கசீப்பின் வலதுகையாகி, வங்காளத்துக்கு சுபேதாராகி, அஸ்ஸாம் வரை படையெடுத்து, 1663இல் செத்தவர். ஸ்டார்ட்அப் உலகத்தில் இருந்திருந்தால் மாதம் ஒரு பாட்காஸ்ட்டில் வந்திருப்பார்.

கண்டிக்கோட்டை வீழ்ந்தது 1650 என்று பொதுவாக எழுதுகிறார்கள். ஆனால் 1652 செப்டம்பர் முதல் நாள் போய்ச் சேர்ந்ததாகச் சொல்லும் தவெர்னியே, மூன்று மாத முற்றுகைக்குப் பிறகு கோட்டை விழுந்து அப்போது எட்டே நாள்தான் ஆகியிருந்தது என்கிறார். டச்சுக்காரர்களிடமிருந்து ஓடிவந்த சில பிரெஞ்சுப் பீரங்கிக்காரர்கள் இல்லாவிட்டால் பிடித்திருக்கவே முடியாது என்றும் சொல்கிறார். (அவரும் பிரெஞ்சுக்காரர். இதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்கவேண்டும்.) மலைமேல் ஏற ஒரே ஒரு பாதைதான் இருந்தது, சில இடங்களில் ஏழெட்டு அடி அகலம்தான், ஒரு பக்கம் பயங்கரமான அதலபாதாளம், அடியில் ஆறு ஓடுகிறது என்று எழுதுகிறார். எங்களைத் தவிர்த்து, அந்தப் பள்ளத்தை எட்டிப் பார்த்து எழுதியவர்களில் நான் அறிந்த முதல் ஆள் அவர்தான். அழகு என்று எங்கேயும் சொல்லவில்லை. அவர் கண்ணுக்கு அது ஆபத்து.

அவர் பார்த்து வியந்தது வேறு. ஒரு கூடாரத்தில் மீர் ஜும்லா வெறுங்காலோடு உட்கார்ந்து வேலை செய்கிறார். கால் விரல் இடுக்கில் கடிதங்கள், இடக்கை விரல் இடுக்கில் கடிதங்கள், ஒவ்வொன்றாக உருவி எழுத்தர்களுக்குப் பதில் சொல்கிறார். நடுவே குற்றவாளிகளைக் கொண்டுவருகிறார்கள், கேட்கிறார், தண்டனை சொல்கிறார், அடுத்த கடிதத்தை உருவுகிறார். ஒரே நேரத்தில் இருபது டேப் திறந்து வைத்திருப்பவரின் படம் இது. அந்தக் கடிதங்களில் சில மதராஸைப் பற்றியும் இருந்திருக்கும் என்பது என் ஊகம். ஆனால் ஆதாரமில்லாத ஊகம் இல்லை. ஏனென்றால் ஜார்ஜ் கோட்டையை யார் வைத்துக்கொள்வது, எவ்வளவு கட்டுவது, சாந்தோமை விடுவதா நெருக்குவதா என்பதெல்லாம் அந்த வருஷங்களில் அவர் கையில்தான் இருந்தது. மதராஸ் கப்புச்சின் பாதிரியார் எஃப்ரேமை 1649இல் சாந்தோம் போர்ச்சுக்கீசியர் ஆசைகாட்டி வரவழைத்துப் பிடித்து, கோவாவின் மதவிசாரணைச் சிறைக்கு அனுப்பினார்கள். அவரை விடுவிக்காவிட்டால் சாந்தோமைக் கொளுத்திவிடுவதாக மீர் ஜும்லா மிரட்டினார் என்று தவெர்னியே எழுதுகிறார். ஒரு கத்தோலிக்கப் பாதிரியைக் கத்தோலிக்கர்களிடமிருந்து மீட்க ஒரு ஷியா முஸ்லிம் படை. மயிலாப்பூர்க்காரன் இதைக் கேட்டு, “எங்க தெருவுலயா?” என்றான். கிட்டத்தட்ட.

கோட்டையிலிருந்த பெரிய கோயிலின் செப்புச் சிலைகளைப் பற்றியும் ஒரு கதை சொல்கிறார். மீர் ஜும்லாவுக்குப் பீரங்கி வார்க்கவேண்டும். வார்க்க ஒரு பிரெஞ்சுக்காரரை வைத்திருந்தார். செம்புக்குச் சுற்றுவட்டாரக் கோயில்களின் சிலைகளைக் கொண்டுவந்து குவித்தார்கள். மற்றதெல்லாம் உருகியது. கண்டிக்கோட்டைக் கோயிலின் ஆறு சிலைகள் மட்டும் உருகவே இல்லை. மூன்று உட்கார்ந்தவை, மூன்று பத்தடி உயரத்தில் நின்றவை. பூசாரிகள் மந்திரம் வைத்துவிட்டார்கள் என்று நவாப் அவர்களை மிரட்டியும் பயனில்லை. கடைசியில் அந்தப் பிரெஞ்சுக்காரர் ஒரு பீரங்கியைக்கூட ஒழுங்காக வார்த்து முடிக்காமல் வேலையை விட்டுப் போனார். உலைக்குச் சூடு போதவில்லையா, ஆளுக்குத் தொழில் தெரியவில்லையா, இல்லை மனசே வரவில்லையா? காலியான கருவறை முன்னால் நின்று நான் மூன்றாவதையே நம்ப ஆசைப்பட்டேன்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1656இல் ஆங்கிலேயர்கள் மீர் ஜும்லாவின் கப்பல் ஒன்றைப் பிடித்தார்கள். அவருடைய ஆட்கள் 1657 செப்டம்பரிலிருந்து 1658 ஏப்ரல் வரை ஜார்ஜ் கோட்டையைச் சுற்றி வளைத்தார்கள். கடைசியில் சமரசம். வருஷத்துக்கு 380 வராகன் குத்தகை, மற்றபடி உன் வேலையை நீ பார், என் வேலையை நான் பார்க்கிறேன். சென்னையின் தொடக்க வரலாற்றை நாம் பிரான்சிஸ் டே, வேங்கடாத்ரி நாயக்கர், கடற்கரை மணல் என்று கடலைப் பார்த்தே சொல்லிப் பழகிவிட்டோம். 350 கிலோமீட்டர் உள்ளே, இந்தச் சிவப்புப் பாறைமேல், கால் விரலில் கடிதம் செருகியிருந்த ஆள் அந்தக் கதையில் வருவதே இல்லை.

ஒன்பது மணி வாக்கில் நண்பனின் அப்பாவிடமிருந்து போன். அதற்கு முன்னால், காரில் வரும்போதே எங்களுக்குள் ஒரு சின்ன உரசல் நடந்திருந்தது. அதைச் சொல்லியாகவேண்டும்.

அவ்வாவின் கதையில் எனக்குச் சந்தேகம் இருந்தது. தெலுங்கு பேசுகிறவர்கள் தெற்கே வந்தது ஒரே ராத்திரியில் நடந்தது இல்லை. பதினாறாம் நூற்றாண்டில் விஸ்வநாத நாயக்கர் மதுரைக்கு வந்து எழுபத்திரண்டு பாளையங்கள் உண்டான காலத்திலிருந்தே படைவீரர்களாக, கணக்கர்களாக, உழவர்களாக வந்துகொண்டேயிருந்தார்கள். மற்றவர்கள் வேண்டாமென்று விட்ட கரிசல் மண்ணை, சொந்த ஊரில் பழகிய கறுப்பு மண்ணை, தேடிப்பிடித்துக் குடியேறினார்கள். கண்டிக்கோட்டை விழுந்த பிறகு வந்தவர்களும் உண்டு. குருவிகுளம் ஜமீன் குடும்பத்தாரைப் பெம்மசானி வழி என்றே சொல்கிறார்கள். ஆனால் கரிசலில் யாரைக் கேட்டாலும் ‘துரத்தினார்கள், ஓடிவந்தோம்’ என்றுதான் கதை. கி.ரா.வின் ‘கோபல்ல கிராமம்’ படித்தவர்களுக்கு அந்த ஓட்டம் தெரியும். படையோடு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்கூட ஓடிவந்த கதையைத்தான் ஏன் வைத்துக்கொண்டார்கள்? ஜெயித்து வந்தவன் என்று சொல்லிக்கொள்வதைவிடப் பிழைக்க வந்தவன் என்று சொல்லிக்கொள்வது, பக்கத்து வீட்டுக்காரனோடு வாழச் சௌகரியம் என்பதாலா?

இதை நான் ரேணிகுண்டா தாண்டும்போது சொன்னேன். வண்டி ஓட்டுபவன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “எங்கப்பா கிட்ட இதச் சொல்லிராத” என்றான். இன்னும் கொஞ்சம் தூரம் போய், “நீ படிச்சதுல இருக்கிறது சரியாவே இருக்கட்டும். எங்க அவ்வா எதையும் படிக்கல” என்றான்.

அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. வாய்க்கதை என்றால் தள்ளு, ஏட்டில் இருந்தால் கொள்ளு என்று பேசும் நான் நம்பும் ஏடே வாய்க்கதையில் இருந்து வந்ததுதான். காலின் மெக்கன்சி 1800களில் ஆட்களை அனுப்பி ஊர் ஊராகக் கர்ணங்களிடம் கேட்டு எழுதிவாங்கிய கைபீதுகளில் கண்டிக்கோட்டைக் கைபீதும் ஒன்று. மெக்கன்சி திரட்டிய சுவடிகளில் தென்னாட்டு மொழிகளில் உள்ளவற்றின் பெரும்பகுதி சென்னை கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. இப்போது அது கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்துக்குள். என் வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் போகலாம். அந்தக் கர்ணங்கள் சொன்னது அவரவர் அவ்வா சொன்னதுதானே?

இன்னொன்றையும் அங்கே நின்றபோது நினைக்காமல் இருக்க முடியவில்லை. இந்தப் பள்ளத்துக்கு மேலே ஆற்றில் கண்டிக்கோட்டை நீர்த்தேக்கம் இருக்கிறது. கொள்ளளவு 26.85 டி.எம்.சி. 2020இல் நீர்மட்டத்தை உயர்த்தியபோது தாள்ளப்ரொத்துட்டூர் மக்கள் போராடியும் ஊர் காலியானது, தண்ணீர் வீடுகளுக்குள் வந்தது. நூறு வருஷம் கழித்து அவர்களுடைய பேத்தி ஒருத்தி தன் பேரனுக்கு என்ன கதை சொல்வாள்? ராத்திரியோட ராத்திரியா மாட்டை ஓட்டிக்கிட்டு வந்தோம் என்றுதான் சொல்வாள். அது தப்பாகவும் இருக்காது.

சரி, போன். விளிம்பில் சிக்னல் ஒரு கோடுதான். நண்பன் கேமராவைத் திருப்பிப் பள்ளத்தை இடமிருந்து வலமாக மெதுவாகக் காட்டினான். “பாருங்கப்பா, எவ்வளவு ஆழம்! தண்ணி தெரியுதா?” அந்தப் பக்கம் அப்பா கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, திரைக்கு ரொம்பப் பக்கத்தில் முகத்தை வைத்துப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் அசையவில்லை. பிறகு தெலுங்கில் ஏதோ சொன்னார். இவன் தமிழில் பதில் சொன்னதால் அவரும் தமிழுக்கு மாறினார்.

“பள்ளம் இருக்கட்டும்யா. வாசலைக் காட்டு.”

நாங்கள் நால்வரும் திரும்பி நடந்தோம். விளிம்புக்கு முதுகைக் காட்டி, கோயிலைத் தாண்டி, களஞ்சியத்தைத் தாண்டி, மசூதியைத் தாண்டி. சிக்னல் அறுந்தது, மறுபடி வந்தது. வழியில் கண்ட ஒவ்வொரு சுவரையும் அவர் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். “அந்தக் கல்லு பக்கத்துல போ. அது என்ன, தூணா?” காலையில் ஐந்து நிமிஷத்தில் ஓடிக் கடந்த தூரத்துக்கு முக்கால் மணி நேரம் ஆனது. கோட்டை வாசல் வந்தது. வளைந்து உள்ளே போகும் பாதை, நேராகப் பாய்ந்து வரமுடியாதபடி. இரும்புத் தகடு அடித்த பெரிய மரக்கதவு, முட்டவரும் யானைக்காக வைத்த கூர்முனைகள். நண்பன் கதவின்மேல் கையை வைத்து அதைக் கேமராவில் காட்டினான்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. நெட்வொர்க் நின்றுவிட்டதோ என்று நினைத்தோம். பிறகு என் பெயரைச் சொல்லி என்னிடம் போனைக் கொடுக்கச் சொன்னார்.

“தம்பி, இவனுக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க படிக்கிறவரு. எங்க ஆளுக வந்தது இந்த வாசல் வழியாத்தான, தம்பி?”

நண்பன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“மலைக்கு ஏறி இறங்க அந்தக் காலத்துல ஒரே ஒரு வழிதான் இருந்துச்சுன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதியிருக்காருப்பா. அந்தாண்ட பள்ளம். ஆறு. யாரு போயிருந்தாலும் இப்படித்தான் போயிருக்கணும்.”

“அப்ப இதுதான்” என்றார். பிறகு மகனைக் கூப்பிட்டுக் கதவைத் தொட்டபடியே இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கச் சொன்னார்.